ஆஸ்பத்திரிக்கு சித்தி!

போன வருடம் ஆடி மாதம். காஞ்சிபுரம் கலெக்டர் அலுவலக வராந்தாவில் நான், என் அக்கா, அக்கா மகள் மூன்று பேரும் காத்திருந்தோம். நான் ஒரு பட்டுப்புடவைக் கடையில் விற்பனைப் பெண். ஆடித் தள்ளுபடி நேரத்தில் எங்களுக்கு லீவு கிடைப்பது குதிரைக்கொம்பு. முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி அரை நாள் வாங்கிக்கொண்டு வந்திருந்தேன்.

அக்கா மகளுக்கு இருபது வயது. பிறவியிலேயே மூளை வளர்ச்சி மெதுவு. நன்றாகப் பேசுவாள், பூ கட்டுவாள், தனியாகக் கடைக்குப் போய்ப் பால் வாங்கி வருவாள். ஆனால் ஒரு கேள்வி கேட்டால் பதில் வர நேரமாகும். அதுவரை காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள் அவளுடைய பதிலையும் தாங்களே சொல்லிவிடுவார்கள். வீட்டில் எல்லோருக்கும் அவள் இன்னும் ‘பாப்பா’தான்.

பிரச்னை என்னவென்றால், மாதவிலக்கு நாட்களில் அவள் துடித்துப்போவாள். வலியும் அதிகம், உதிரப்போக்கும் அதிகம். கூடவே இருந்து சுத்தம் செய்து, உடை மாற்றி, அக்காவின் இடுப்பு ஒடிந்துவிட்டது. ‘கர்ப்பப்பைய எடுத்துட்டா ஒரேயடியா தொல்லை விட்டுது. இதுக்கு என்ன கல்யாணம் காட்சியா ஆவப்போவுது?’ என்று சொந்தக்காரர்கள் ஆளாளுக்கு ஓதினார்கள். அக்காவும் அந்த முடிவுக்கு வந்துவிட்டாள். ஆனால் டாக்டரம்மா மறுத்துவிட்டார். பெண்ணுக்குப் பதினெட்டு வயது தாண்டிவிட்டது, அவளுடைய சம்மதம் இல்லாமல் கத்தி வைக்க மாட்டேன், மாத்திரையிலேயே முயற்சி பண்ணலாம் என்றார். உடனே யாரோ ஒரு யோசனை சொன்னார்கள்: சட்டப்படி பாதுகாவலர் ஆகிவிட்டால் அம்மாவே கையெழுத்துப் போடலாமாம். அதற்குத்தான் அன்று வந்திருந்தோம்.

உள்ளே கூப்பிட்டார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம், பாதுகாவலர் விண்ணப்பங்களை விசாரிக்கும் குழுவினர் சிலர். அவர்களில் ஒரு பெண்மணி, ஊன்றுகோலை நாற்காலியில் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அக்கா அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். பொறுமையாகக் கேட்டவர், ‘பாதுகாவலர்னா அவளுக்குப் பதிலா நீங்க முடிவு எடுக்குறதும்மா. அப்பவும் இந்த மாதிரி ஆபரேஷனுக்கு அவ மனசைக் கேட்டுத்தான் ஆகணும். அதுக்கு முன்னாடி இன்னொரு வழி இருக்குது. முடிவு அவளோடதாவே இருக்கட்டும். அவளுக்குப் புரியிற மாதிரி சொல்லி, கூட நிக்க அவளே ஆளைத் தேர்ந்தெடுக்கட்டும்’ என்றார். பிறகு பாப்பா பக்கம் திரும்பி, ‘எந்தெந்த வேலைக்கு யார் யார் கூட இருந்தா உனக்கு நல்லாருக்கும்?’ என்று கேட்டார்.

அக்கா வாயைத் திறந்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. எனக்கே பொறுக்கவில்லை. ரொம்ப நேரம் கழித்துப் பாப்பா சொன்னாள்:

‘காசுக்கு அப்பா. பஸ்ஸுக்கு எதிர் வீட்டு அக்கா. ஆஸ்பத்திரிக்கு சித்தி.’

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெற்று வளர்த்த அக்கா பக்கத்தில் இருக்க, என்னையா? அக்காவின் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. ‘ஏன், அம்மா வேணாமா?’ என்று அந்தப் பெண்மணி மென்மையாகக் கேட்டார்.

‘அம்மா அழுவும். அம்மா அழுதா நான் சரின்னுடுவேன்.’

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. நம்மில் எத்தனை பேர் இப்படி, அம்மா அழுதாள் என்று சரி சொல்லி, அதையே நம் முடிவு என்று நினைத்துக்கொண்டு வாழ்ந்துவிட்டோம்! ஒன்றும் தெரியாது என்று நாங்கள் முத்திரை குத்தி வைத்திருந்த பெண், தன் மனசு எந்த இடத்தில் வளையும் என்பதைத் தெரிந்து வைத்திருந்தாள்.

‘சரி, சித்தி எதுக்கு?’ என்றார் அந்தப் பெண்மணி.

‘சித்தி கேக்கும். அப்புறம் சும்மா குந்திக்கினு இருக்கும். கடையில புடவை போடும்ல, அந்த மாதிரி.’

இதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். வீட்டில் என் வாய் ஓயாது. என் கணவரைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார். ஆனால் கடையில் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. கல்யாணப் புடவை எடுக்க ஒரு குடும்பமே வந்து உட்காரும். அத்தை ஒரு நிறம் சொல்வார், மாமியார் ஒரு நிறம் சொல்வார். கட்டிக்கொள்ளப்போகிற பெண் மட்டும் பேசாமல் இருப்பாள். நான் புடவையை அவள் தோளில் போட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வேன். கொஞ்ச நேரத்தில் அவள் கை ஏதோ ஒரு புடவைக்குத் திரும்பத் திரும்பப் போகும். அதுதான் அவளுடைய புடவை. அக்காவுக்கு வெளி வேலை இருக்கும் நாட்களில் பாப்பா என் கடையில் ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பாள். அவள் பாட்டுக்கு இருக்கிறாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அக்கா அன்று பேருந்தில் என்னோடு பேசவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பாதுகாவலர் விஷயத்தை அவசரப்படாமல் யோசித்து வரச் சொல்லியிருந்தார்கள். நானோ, இந்தப் பொறுப்பைத் தாங்குவேனா என்று பயந்துகொண்டே வந்தேன்.

அடுத்த வாரங்களில், சாயங்காலம் கடை முடிந்ததும் அக்கா வீட்டுக்குப் போய்ப் பாப்பாவோடு உட்கார்ந்தேன். கர்ப்பப்பை என்றால் என்ன, ஆபரேஷன் என்றால் என்ன, மாத்திரை என்றால் என்ன என்று படம் வரைந்து சொன்னேன். என் ஓவியத்தைப் பார்த்து, ‘இது கத்திரிக்காயா சித்தி?’ என்று சிரித்தாள். சில நாள் கேட்பாள், சில நாள் டிவி பக்கம் ஓடிவிடுவாள்.

பிறகு எல்லோரும் டாக்டரம்மாவிடம் போனோம். அவரும் ஒரு முறை நிதானமாகச் சொன்னார். நான் கேட்டேன், ‘உனக்கு எப்படி வேணும் பாப்பா?’ கேட்டுவிட்டு, கடையில் இருப்பதுபோல வாயை மூடிக்கொண்டேன். அக்கா ஏதோ சொல்ல வந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பாப்பா துப்பட்டா நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள். பிறகு டாக்டரைப் பார்த்துக் கேட்டாள்:

‘ரவிக்கைத் துணி மாதிரியா? வெட்டிட்டா திரும்ப ஒட்ட முடியாதா?’

கடையில் எல்லோரிடமும் நான் சொல்லும் வார்த்தை அது. புடவையோடு சேர்ந்து வரும் ரவிக்கைத் துணியை வெட்டிவிட்டால் புடவையை மாற்றித் தர மாட்டோம். அதனால் வீட்டுக்கு எடுத்துப்போய், பகல் வெளிச்சத்தில் நன்றாகப் பார்த்து, மனசு ஒப்பின பிறகு வெட்டுங்கள் என்பேன்.

‘முடியாதும்மா’ என்றார் டாக்டர்.

‘மாத்திரை?’

‘பிடிக்கலைன்னா நிறுத்திடலாம்.’

‘அப்ப மாத்திரை. வெட்ட வேணாம்.’

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அக்கா உடைந்து அழுதாள். ‘நான் போயிட்டா உன்னை யாருடி பார்ப்பா? இன்னைக்கே முடிச்சிட்டா நிம்மதியா கண்ணை மூடுவேனே!’ என்று தேம்பினாள். அம்மா அழுதால் சரி என்றுவிடுவேன் என்று சொன்ன பெண்ணாயிற்றே. இப்போது சரி என்றுவிடுவாளோ?

பாப்பாவின் உதடு நடுங்கியது. கண்ணில் நீர் முட்டியது. என்னைப் பார்த்தாள். நான் அசையவில்லை, அசையக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அவள் எழுந்துபோய், துப்பட்டாவால் அக்காவின் கண்ணைத் துடைத்தாள்.

‘நீ அழுவும்மா, பரவால்ல. எனக்கு வேணாம்.’

கோயில் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பதுபோல அவளைப் பார்த்தேன். அழுகிற அம்மாவையும் விடவில்லை, தன் முடிவையும் விடவில்லை. எனக்கு இந்த வயதிலும் அது கைவரவில்லை.

மாத்திரையால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். போக்கு குறைந்திருக்கிறது, சில மாதம் வலி வரத்தான் செய்கிறது. பாப்பாவே இப்போது பெரும்பாலும் தன்னைப் பார்த்துக்கொள்கிறாள். அக்கா கலெக்டர் அலுவலகத்தில் கொடுத்த விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். அவளுடைய பயம் போகவில்லை. ஆனால் பாப்பாவிடம் ஏதாவது கேட்டால், இப்போதெல்லாம் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருக்கிறாள்.

இன்றும் கடையில் ஒரு கல்யாணப் பெண்ணைச் சுற்றி ஊரே பேசும்போது, நான் புடவையை விரித்துவிட்டு வாயை மூடிக்கொள்கிறேன். வியாபாரத்துக்காக நான் பழகிய அந்த மௌனத்தை, மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் மரியாதை என்று புரிந்துகொண்டு, தன் உயிரான காரியத்துக்கு என்னை நம்பிக் கூப்பிட்டாளே என்று நினைக்கும்போதெல்லாம் என் கை ஒரு நொடி அந்தப் புடவை மேலேயே நின்றுவிடுகிறது.