என் முட்டிகளுக்காக ஜெபித்தவர்களும் அறுத்தவர்களும்

பதின்மூன்று வயதில் நான் நடப்பதைப் பார்த்தவர்களுக்கு, இவள் உட்கார நாற்காலி தேடுகிறாள் என்றுதான் தோன்றும். இரண்டு முட்டியும் எப்போதும் மடங்கியே இருக்கும், நிமிராது. பஸ் ஸ்டாப்பில் யாராவது பாவம் பார்த்து எழுந்து இடம் கொடுப்பார்கள். உட்கார்ந்துவிட்டால் எல்லாரையும் போலத்தான் இருப்பேன். எழுந்தால்தான் வம்பு, முட்டி வலியும்.

பிறக்கும்போதே என் முதுகெலும்பின் அடிப்பகுதி சரியாக மூடியிருக்கவில்லை. காலுக்குப் போகிற நரம்புகளில் பாதி வேலைக்கே வரவில்லை. கெண்டைக்கால் தசைக்கு உடம்பைத் தாங்கப் பலம் கிடையாது, அதனால் முட்டி மடங்கும். மடங்கியே கிடந்தால் பின்பக்கத் தசைநார் சுருங்கிப்போகும். அப்புறம் நாமே ஆசைப்பட்டாலும் நீட்ட முடியாது. சின்ன வயதில் எப்படியோ சமாளித்தேன். வயதுக்கு வந்து உடம்பு கனத்ததும் கால்கள் கைவிரித்துவிட்டன.

முதலில் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். வாராவாரம் கட்டை மாற்றி, ஒவ்வொரு தடவையும் முட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டுவதாகத் திட்டம். இரண்டு காலிலும் வெள்ளைத் தூண்களோடு பாயான் பாருவில் எங்கள் ஃபிளாட்டின் ஹாலில் நான் சிலை மாதிரி கிடந்தேன். அப்போது ஒரு நாள், பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் ஷிஃப்ட் முடித்து வந்த அப்பா வாசலிலேயே மூக்கைச் சுருக்கினார்.

“யார் வீட்டுல பெலாச்சான் வறுக்கிறாங்க?” பெலாச்சான் என்பது புளிக்கவைத்த இறால் விழுது; வறுத்தால் தெருவே நாறும்.

“யாரும் வறுக்கலைங்க. காலையிலேருந்தே இந்த நாத்தம்தான்,” என்றார் அம்மா.

குப்பைத்தொட்டியை மோந்து, சிங்க்கை மோந்து, ஃபிரிட்ஜைத் துடைத்து, கடைசியில் அம்மா என் கால் பக்கம் குனிந்தார். பெலாச்சான் நான்தான். கட்டுக்குள் குதிகால் அழுந்திப் புண்ணாகியிருந்தது. டாக்டர் மாவுக்கட்டை அறுத்துப் பார்த்துவிட்டு, “இவ்வளவு பெரிய புண்ணு. வலிக்கலையா?” என்றார்.

“வலி தெரியிற காலா இருந்தா நான் ஏன் டாக்டர் இங்க வரேன்?”

அம்மா என் தொடையைக் கிள்ளினார். முட்டியிலும் அதற்கு மேலேயும் எனக்கு நன்றாக உணர்ச்சி உண்டு என்பது அவருக்குத் தெரியும்.

புண் ஆறும்வரை ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அந்த இடைவெளியில் அம்மாவின் ஜெபக் குழு உள்ளே புகுந்தது. குழுவுக்குத் தலைவியான ஆண்டி நல்ல ஆகிருதி. ஆலிவ் எண்ணெய் போத்தலோடு வந்து, என் முட்டியில் எண்ணெய் தேய்த்து, இரண்டு கையாலும் அழுத்தி, “நிமிரு! ஆண்டவர் பேராலே சொல்றேன், நிமிரு!” என்று கத்தினார். முட்டி நிமிரவில்லை. ஆண்டி இன்னும் பலமாக அழுத்தினார். நான் அலறினேன்.

“வல்லமை இறங்குது!” என்றார் ஆண்டி.

“ஆண்டி, இறங்குறது உங்க வெயிட்டு லா.”

மறுபடியும் கிள்ளு.

புண் ஆறியபின் இன்னொரு டாக்டரிடம் அனுப்பினார்கள். தமிழ் முஸ்லிம், அப்பா வயது இருக்கும். அவர் அம்மாவிடம் பேசாமல் என்னிடமே பேசியதால் எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

“பாரும்மா, தொடை எலும்பு முட்டிக்குக் கொஞ்சம் மேலதான் வளருது. அந்த இடத்துல முன்பக்கம் சின்னத் தகடு வச்சு ஸ்க்ரூ போட்டுடுவோம். முன்பக்கம் வளராது, பின்பக்கம் வளரும். வளர வளர முட்டி தானா நிமிரும். பின்னாடி தசைநாரையும் கொஞ்சம் தளத்தி விடுவேன்.”

“எவ்வளவு நாள் ஆகும்?”

“அது என் கையில இல்ல. நீ எவ்வளவு வளர்றியோ அவ்வளவுதான். வளர்ச்சி நின்னுட்டா இதுவும் நின்னுடும்.”

எங்கள் குடும்பத்தில் உயரம் என்பது யாருக்கும் வாய்க்காத ஒன்று. காரில் வீடு திரும்பும்போது அப்பாவும் அம்மாவும் ஒருவரையொருவர் குற்றவாளிகளைப் போலப் பார்த்துக்கொண்டார்கள்.

ஆபரேஷன் முடிந்ததும் என்னை வளர்ப்பதே வீட்டின் ஒரே தொழிலானது. முட்டை, நெத்திலி, பால். பொழுதெல்லாம் குப்புறப் படுத்திருக்க வேண்டும், முட்டி நீள்வதற்காக. குப்புறப் படுத்தே பாடம் படித்தேன், கொரியன் நாடகம் பார்த்தேன், பாத்திரம் கழுவாமல் தப்பித்தேன். மாதங்கள் போகப் போக எக்ஸ்ரேயில் எலும்பு மெல்லத் திரும்புவது தெரிந்தது. ஒரு நாள் கண்ணாடி முன்னால் கைத்தடிகளை ஊன்றி நின்றபோது, எனக்கு இவ்வளவு நீளமான கால்கள் இருப்பது முதல் தடவையாகத் தெரிந்தது. பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வெளியே வந்து, கண்ணில் சோப்பு பட்டுவிட்டது என்றேன்.

விஷயம் ஜெபக் குழுவுக்கு எட்டியது. மாதா கோயில் மண்டபத்துக்கு வந்து, ஆண்டவர் செய்த அற்புதத்துக்கு நான் சாட்சி சொல்ல வேண்டும் என்று ஆண்டி ஆள் அனுப்பினார். முடியாது என்றேன். “ரெண்டு வார்த்தை சொல்லிட்டு வந்துடு. எனக்காக,” என்றார் அம்மா.

மண்டபம் நிறைந்திருந்தது. நான் நடந்து மைக்கிடம் போனதற்கே கைதட்டினார்கள். ஆண்டி கண்ணை மூடி இரண்டு கையையும் தூக்கினார்.

“என் முட்டி நிமிர்ந்ததுக்குக் காரணமானவருக்கு நன்றி சொல்ல வந்திருக்கேன்,” என்றேன்.

“அல்லேலூயா!”

“அவர் என் தொடையை அறுத்து, எலும்புல துளை போட்டு, ஸ்க்ரூ முடுக்கினார்.”

இந்த முறை அல்லேலூயா கொஞ்சம் மெலிந்து வந்தது.

“வெள்ளிக்கிழமை தொழுகைக்கு முந்தி என்னைப் பாக்கணும்னு, எனக்காகக் காலையிலேயே கிளினிக்குக்கு வருவார். அவருக்காகவும் கொஞ்சம் ஜெபம் பண்ணுங்க.”

ஆண்டி கண்ணைத் திறந்து கிதார்க்காரரைப் பார்த்தார். அடுத்த நொடி பாட்டு தொடங்கிவிட்டது. மைக்கை யாரோ என் கையிலிருந்து பக்குவமாக வாங்கிக்கொண்டார்கள்.

திரும்பி வரும்போது கார் சிக்னலில் நின்றதும் அம்மா கேட்டார்: “கோயில்ல போய் ஸ்க்ரூ அது இதுன்னு சொல்லணுமா?”

“உண்மைதானே மா.”

“உண்மைதான். அதுக்காக அவங்க மூஞ்சிய…” அதற்குமேல் அவரால் முடியவில்லை. முன் சீட்டில் குனிந்து, தோள் குலுங்கச் சிரித்தார். அப்பா பச்சை விளக்கைக் கவனிக்காமல் சேர்ந்து சிரிக்க, பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள்.

நான் வளர்ந்து முடித்ததும் தகடுகளை எடுத்துவிட்டார்கள். வலது முட்டி சொன்ன பேச்சுக் கேட்கிறது. இடது கொஞ்சம் மடங்கப் பார்க்கிறது. கணுக்காலுக்குப் பிளாஸ்டிக் கட்டும் இரண்டு கைத்தடியும் இன்னும் உண்டு. ஆபீஸ் படிக்கட்டைப் பார்த்தால் இன்றைக்கும் கெட்ட வார்த்தைதான் வருகிறது, அதுவும் மலாயில். ஆனால் முட்டி வலி இல்லை. போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் பஃபே வரிசையில் முழுசாக நின்று, ஆட்டிறைச்சிப் பெரட்டலை இரண்டாம் தடவையும் வாங்கிக்கொண்டுதான் போய் உட்கார்ந்தேன்.