பல வீட்டு அரிசி

எங்கள் மாமல்லபுரம் சர்ச் வாசலில் கஞ்சி கொதிக்கிறது. உலை வைக்கும்போதெல்லாம் வீட்டுக்கு வீடு ஏழைகளுக்கென்று எடுத்துவைக்கும் பிடி அரிசி அது. புழுங்கலும் பச்சையும் ரேஷன் அரிசியும் சேர்ந்து வேகும் அந்த வாசனை வந்தால் எனக்கு அம்மாவின் துணிமூட்டைதான் நினைவுக்கு வரும்.

அப்போது நாங்கள் வீடில்லாமல் செங்கல்பட்டில் ஒரு சர்ச் தாழ்வாரத்தில் படுத்திருந்தோம். எப்போது விரட்டுவார்களோ என்று அம்மா மூட்டையை மடியை விட்டு இறக்கவே மாட்டாள்.

ஒரு ஞாயிறு காலையில் கமிட்டிக்காரர் வந்தார். “பிஷப்பு வராரு. எழுந்து வேற எங்கனா போங்க.”

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பாதிரியாரின் மனைவி பிடி அரிசிப் பானையோடு குறுக்கே வந்து நின்றார்.

“பிஷப்பு வந்தா இன்னா? அவரும் இவங்களோட குந்திக் கஞ்சி குடிப்பாரு. நீ போயி அடுப்புக்குக் கல்லு எடுத்தாய்யா.”

பிஷப் உண்மையிலேயே எங்களோடு தரையில் உட்கார்ந்தார். ஒரு வாய் குடித்துவிட்டு, “பாதி அரிசி வேகலையே?” என்றார்.

“பல வூட்டு அரிசி சாமி, ஒண்ணா வேவாது” என்றாள் அம்மா.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். கமிட்டிக்காரருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா மூட்டையை இறக்கிச் சுவரோரம் வைத்தாள். எனக்கு அப்போதுதான் பசித்தது.

இன்று கரண்டி என் கையில், அதை வேறு யாரிடமும் விட்டுக்கொடுப்பதில்லை. கேட்டருகே ஒருத்தி மூட்டையை இடுக்கிக்கொண்டு தயங்கி நிற்கிறாள்.

“மூட்டைய அந்தச் சுவராண்ட வெச்சிட்டு வந்து குந்துடி. எவனும் உன்ன எழுப்பமாட்டான். நான் கீறேன்.”