பக்கத்து விரலுக்கு நோட்டீஸ்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு காலை. தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனை. என் வலது காலின் கட்டைவிரலை எடுத்துவிடுவதென்று முடிவாகியிருந்தது.

வருவாய்த்துறையில் உதவியாளராகச் சேர்ந்து தாசில்தாராக ஓய்வு பெற்றவன் நான். வேலை பார்த்த காலம் முழுக்க நிலத் தகராறுதான். உச்சவரம்பு, குத்தகை, உபரி நிலம் என்று சட்டம் மாறிக்கொண்டே இருந்தது. ஆட்சியும் இரண்டு கழகங்களுக்கிடையே மாறிக்கொண்டே இருந்தது. மாறாமல் இருக்கவேண்டிய வரப்போ ராத்திரியோடு ராத்திரியாக ஒரு முழம் நகரும். விடிந்ததும் நாங்கள் போய் அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவருவோம். ஈர வரப்பில் செருப்பு வழுக்கும் என்பதால் வெறுங்காலோடு நடந்தே அளப்பேன். ஜீப்பில் உட்கார்ந்தபடி அளந்தவர்களுக்குப் பதவி உயர்வு சீக்கிரம் வந்தது. எனக்குப் பித்தவெடிப்பு வந்தது.

பாதத்தின் உணர்ச்சியைச் சர்க்கரை நோய் எடுத்துக்கொண்டு வெகுகாலம் ஆகியிருந்தது. ஏதோ ஒரு முள் செருப்புக்குள் இருந்து குத்திக்கொண்டே இருந்திருக்கிறது; எனக்குத் தெரியவில்லை. கூடத்துத் தரையில் சிவப்புத் திட்டுகளைப் பார்த்து என் மனைவிதான் கண்டுபிடித்தாள். எலும்புவரை சீழ் போய்விட்டது என்றார் மருத்துவர். என் மகளைவிட இளையவர்.

"கட்டைவிரலை எடுத்தே ஆகணும் சார். அதுக்கு மேல பரவியிருக்கான்னு திறந்து பார்த்தாத்தான் தெரியும்."

அந்த இரண்டாவது வாக்கியம் எனக்குப் பிடிக்கவில்லை. எவ்வளவு நிலம் என்று குறிப்பிடாத உத்தரவில் நான் கையெழுத்துப் போட்டதே இல்லை.

"டாக்டர், நிலத்தை அளக்க ஒரு முறை இருக்கு. பக்கத்து நிலத்துக்காரருக்கு நோட்டீஸ் கொடுத்து, அவர் வந்து நின்னாத்தான் எல்லைக் கல் நடலாம். கட்டைவிரலுக்கு மேல கை வைக்கிறதா இருந்தா, பக்கத்து விரலுக்கு நோட்டீஸ் கொடுக்கணும்."

"விரலுக்கு எப்படி சார் நோட்டீஸ் கொடுக்கிறது?"

"வெளியில என் சம்சாரம் உட்கார்ந்திருப்பா. அவகிட்ட கேட்டுட்டுச் செய்யுங்க."

மருத்துவர் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். அறைக்கு வந்ததும் மனைவியிடம் கண்டிப்பாகச் சொன்னேன்: "கட்டைவிரலோட நிக்கணும். அதுக்கு மேல கேட்டா ஒத்துக்காதே."

காரணம் இருந்தது. வலங்கைமான் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. தினமும் அதன் வரப்பைச் சுற்றி வராவிட்டால் எனக்குப் பொழுது விடிந்த மாதிரி இருக்காது. ஒரு விரல் போனால் சமாளித்துவிடலாம், அடுத்ததும் போனால் வரப்பில் பாதம் நிற்காது என்று நானாகவே தீர்ப்பு எழுதி வைத்திருந்தேன்.

அறுவை அரங்கை நோக்கி மருமகன் சக்கர நாற்காலியைத் தள்ளினார். "மாமா, சர்வேயர் செயினையும் எடுத்துட்டு வரட்டுமா?" என்றார். "அப்பா, உள்ள போயி டாக்டரை விசாரணைக்குக் கூப்பிடாதீங்க" என்றாள் மகள். மனைவி மட்டும் சிரிக்கவில்லை. என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, புடவைத் தலைப்பில் துடைத்து, தன் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே வெதுவெதுப்பு பரவியது. பிறகு கால்கள் இருந்த இடத்தில் சேறு இருந்தது. உழுது, பரம்படித்து, நடவுக்குத் தயாரான பதமான சேறு. கையில் ஏற்றிய இன்னொரு மருந்தில் கண் சொருகியது. தலைக்கு மேலிருந்த பெரிய விளக்கு, நீர் நிறைந்த வயலில் விழுந்த சூரியனாகிவிட்டது.

நான் வரப்பில் நடந்துகொண்டிருந்தேன். மடித்துக் கட்டிய வேட்டி, இளமைக் கால்கள், எல்லா விரல்களும் அப்படியே. ஒரு பக்கம் மிராசுதாரின் ஆட்கள். மறுபக்கம் சிவப்புக் கொடியோடு விவசாயத் தொழிலாளர்கள். நிஜத்தில் இவர்கள் நடுவே போன நாட்களில் என் முதுகு வியர்த்து ஊற்றும். இங்கே யாரும் கத்தவில்லை. தூறல் விழுந்துகொண்டிருந்தது. எந்த அனுமதியும் பெறாத கொக்குகள் இந்த வயலிலிருந்து அந்த வயலுக்கும் அந்த வயலிலிருந்து இந்த வயலுக்கும் நடந்தன. தண்ணீர் மெல்ல ஏறியது. வரப்பின் புல் முங்கியது. பிறகு வரப்பே முங்கியது. கண்ணுக்கு எட்டியவரை ஒரே வயல். எல்லைக் கல்லைக் காலால் துழாவித் தேடினேன். அகப்படவில்லை.

எதிரே என் மாமனார் வந்தார். அவர் குத்தகை விவசாயி. பக்கத்து வயல்காரர் ஒரு முழம் வரப்பை நகர்த்திவிட்டார் என்று வருடக்கணக்கில் வழக்கு நடத்தியவர். இருமிக்கொண்டே கோர்ட்டுக்கு அலைந்தார். ஆஸ்பத்திரிக்குப் போக அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. வழக்கில் ஜெயித்தார். அடுத்த அறுவடையைப் பார்க்கவில்லை. கனவில் அவர் இருமவில்லை. முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, வரப்பு இருந்த இடத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"நடங்க மாப்பிள்ளை. எல்லாம் ஒரே தண்ணிதான்."

நடந்தேன். கால் எங்கே பட்டாலும் மெத்தென்று இருந்தது.

கண் விழித்தபோது ஜன்னலில் மழை. காலில் பெரிய கட்டு. "எத்தனை விரல்?" என்று கேட்டேன். மகள்தான் நடித்துக் காட்டி நடந்ததைச் சொன்னாள்.

பாதியில் மருத்துவர் வெளியே வந்திருக்கிறார். பக்கத்து விரலுக்கும் பரவியிருக்கிறது, விட்டுவைத்தும் பார்க்கலாம், ஆனால் மறுபடி கிளம்பினால் காலையே எடுக்க வேண்டி வரலாம் என்று சொல்லியிருக்கிறார். மகள் என் கட்டளையை நினைவுபடுத்தியிருக்கிறாள். என் கண்ணாடியை இறுக்கிப் பிடித்தபடி மனைவி சொன்னாளாம்:

"அதையும் எடுத்துடுங்க டாக்டர். எங்கப்பா வரப்பைக் காப்பாத்தினாரு, உடம்பை விட்டுட்டாரு. எனக்கு இவரு வேணும். எல்லை எங்க வேணா இருந்துட்டுப் போவட்டும்."

கனவில் மாமனார் சிரித்ததும், வெளியே அவர் மகள் இதைச் சொன்னதும் ஒரே நேரத்தில்தான் என்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. ஆதாரமில்லாததைப் பதிவு செய்வது எனக்கு வழக்கமும் இல்லை. இதை மட்டும் எழுதி வைக்கிறேன்.

அன்று நான் விட்டுக்கொடுக்கவில்லை. "சம்பந்தப்பட்டவனை விசாரிக்காம உத்தரவு போட்டிருக்கே. செல்லாது" என்றேன்.

"அப்பீல் பண்ணிக்குங்க" என்று கண்ணாடியை என் மூக்கில் மாட்டிவிட்டாள். "இப்ப கஞ்சியைக் குடிங்க." ஸ்பூனை என் வாயருகே கொண்டுவந்தாள். நான் மறுபேச்சில்லாமல் குடித்தேன்.

மாசியில், சம்பா அறுவடை முடிந்த பிறகு, முன்பக்கம் பஞ்சு வைத்துத் தைத்த செருப்போடு வயலுக்குப் போனேன். வரப்பில் ஏறியதும் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வரப்பிலோ ஒருவர் நடக்கத்தான் இடம். மனைவி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பக்கத்து வயலின் நெல்லறுத்த தாளில் இறங்கினாள். என் கையை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள்.

"அது அடுத்தவன் நிலம். பார்த்தான்னா கேஸ் போடுவான்" என்றேன்.

"போடட்டும். நீங்க நடங்க."

இப்போதும் தினமும் அப்படித்தான் சுற்றி வருகிறோம், நான் வரப்பிலும் அவள் வயலோரத்திலுமாக. காலமெல்லாம் ஊராருக்கு எல்லை காட்டிக்கொண்டிருந்த எனக்கு, அவள் தோளில் கை வைக்கும்போதெல்லாம் வரப்பு முங்கிப்போன அந்த ஒரே வயல்தான் கண்ணுக்குத் தெரிகிறது.