இன்ஜின்சாமிக்கு ஒரு முட்டுக்கல்

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோவிந்தன் முதலில் நீலப் பனியனைத் தேடுவார். முதுகில் ‘நீராவி நண்பர்கள்’ என்று அச்சடித்த பனியன். எழுத்து பாதி உதிர்ந்துவிட்டது. அதை மாட்டிக்கொண்டு கிரீஸ் டப்பாவும் சுத்தியலுமாக வாசலைத் தாண்டும்போது, உள்ளே மூலையில் மஞ்சள் துணி சுற்றி வைத்திருக்கிற செம்பைப் பார்த்து, “இரு, போய்ட்டு வந்துடறேன்” என்பார். வீட்டில் மனைவி சாந்தம்மாள் இருக்கிறார், மகள் நதியா இருக்கிறாள். அவர்களிடம் சொல்லிக்கொண்டு போவதில்லை. செம்பில் இருப்பது சாமி.

சாமி செம்புக்குள் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். நெல்லிவாசலுக்குப் போகிற மலைரோட்டில், ஒரு வளைவில் பழைய ரோடு இன்ஜின் ஒன்று நிற்கிறது. கரி போட்டு, தண்ணீரைக் கொதிக்கவைத்து, நீராவியில் ஓடிய காலத்துச் சரக்கு. ரோடு போட வந்தவர்கள், ரிப்பேரானதும் அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். ஒரு மழைநாளில் பிரேக் பிடிக்காத ஜீப் ஒன்று இறக்கத்தில் வந்து அதன்மேல் மோதி நின்றது. இன்ஜின் இல்லாவிட்டால் பள்ளம்தான். ஜீப்பில் இருந்த அத்தனை பேரும் பிழைத்தார்கள், மறுநாளே இன்ஜினுக்குப் பொட்டு வைத்தாகிவிட்டது. அதற்குப் பிறகு அந்த வளைவில் செருப்பைக் கழற்றிக் கற்பூரம் ஏற்றாமல் எந்த ஜீப்பும் கீழே இறங்கியதில்லை. கரி எரிந்த வாயில் அகல்விளக்கு எரிந்தது.

கோவிந்தனுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. சாமையும் புளியும்தான் வருமானம். ஆள் குள்ளம், வாய் நீளம். யாராவது இன்ஜினை ‘ரோலர்’ என்று சொல்லிவிட்டால் போதும், சாப்பாட்டை விட்டுக்கூட எழுந்து வருவார். “ரோலர் இன்றது டீசல்ல ஓடறது. இது இன்ஜின்!” இயந்திரத்தோடு பழகியதிலிருந்து பேச்சும் கெட்டுப்போயிற்று. மனைவிக்கு மூட்டுவலி என்று விசாரித்தால், “பிஸ்டன் தேஞ்சிப்போச்சு” என்று சிரிப்பார். சாந்தம்மாள் சிரித்து நான் பார்த்ததில்லை.

நீராவி நண்பர்கள் வேலூர்ப் பக்கத்து இளைஞர்கள். பழைய இயந்திரங்களைத் தேடிப்போய், விடுமுறை நாளில் இலவசமாகச் சீர்செய்வது அவர்கள் பொழுதுபோக்கு. தலைவர் சரவணகுமார் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். கெட்ட பையன் என்று சொல்லமாட்டேன், உற்சாகம் அதிகம். இன்ஜினை ஓடவைக்கிறோம் என்று அவர்கள் வந்து கேட்டபோது, சாமியைக் கழற்றவிடமாட்டோம் என்று ஊர் மறித்தது. கோவிந்தன்தான் கூட்டத்தில் எழுந்தார். “வர்ற திருவிழாவுக்கு சாமி தன் காலால நடந்து ஊருக்குள்ள வரும். வரலன்னா இன்னான்னு என்னைக் கேளு!”

கோயிலில் திருப்பணி நடந்தால் சாமியைக் கலசத்தில் இறக்கிவைப்பது வழக்கம். பூசாரி மாதையன் அதையே இங்கும் செய்தார். மந்திரம் சொல்லி, இன்ஜின்சாமியை ஒரு செம்புத் தண்ணீரில் இறக்கினார். இன்ஜின் தானாக நகர்கிற அன்று சாமி திரும்ப ஏறிக்கொள்ளும். அதுவரை செம்பு யார் வீட்டில் இருப்பது? வாய் விட்டவர் வீட்டில்தான். செம்பு இருக்கிற வீட்டில் கறி கூடாது, கருவாடு கூடாது, கல்யாணப் பந்தல் போடக் கூடாது. ஒரு திருவிழா வரைக்கும்தானே என்று கோவிந்தன் தலையாட்டிவிட்டார்.

நண்பர்கள் நன்றாகவே உழைத்தார்கள். மண்ணில் புதைந்திருந்த சக்கரங்களைத் தோண்டி எடுத்து, ஜாக்கி வைத்துத் தூக்கி, துரு சுரண்டி, சுழலவைத்தார்கள். இறக்கத்தில் உருண்டுவிடாதபடி முன்சக்கரத்துக்கு அடியில் ஒரு பெரிய கல்லை முட்டுக்கொடுத்தார்கள். அடுத்தது பாய்லர். உள்ளே உப்பு பாறையாகப் படிந்திருந்தது. அதை எப்படி எடுப்பது என்று அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது கோவிந்தன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

“எங்க வூட்டு அண்டாவ புளி போட்டுதான் தேய்க்கிறது. ஊறப்போட்டா எல்லாம் கழண்டுக்கும் தம்பி.”

நண்பர்களுக்கு ஒரே குதூகலம். இயற்கை முறை! கோவிந்தன் தன் மரத்துப் புளியை மூட்டைமூட்டையாகச் சுமந்துவந்து கரைத்து ஊற்றுவதை வீடியோ எடுத்தார்கள். அடுத்த ஞாயிறு வந்து திறந்துவிடுகிறோம் என்று போனவர்கள் வரவில்லை. முதலில் மழை, பிறகு யாருக்கோ கல்யாணம், பிறகு ஏதோ சுற்றுலா. கோவிந்தன் போன் செய்தபோதெல்லாம் சரவணகுமார், “வர்றோம்ணா, நீங்க கை வெக்காதீங்க” என்றார். கோவிந்தனும் வைக்கவில்லை. நியாயமாகச் சொன்னால் அவருக்கும் அவசரம் இல்லை. “நல்லா ஊறட்டும்னு நெனச்சேன். அண்டான்னா அப்படித்தானே?” என்று என்னிடமே கேட்டார்.

ஒருவழியாக அவர்கள் வந்து, புளித்தண்ணீரைத் திறந்துவிட்டு, நல்ல தண்ணீர் நிரப்பினார்கள். உள்ளே இருந்த குழாய்கள் அத்தனையும் ஒழுகின. புளி உப்பைத் தின்றுவிட்டு இரும்பையும் தின்றிருந்தது. கோவிந்தன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார். “அண்ணன் ஐடியாதானே” என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்களாம். புதுக்குழாய் செய்ய வேண்டும், பாய்லருக்கு அனுமதி வாங்க வேண்டும், பார்ப்போம் என்று கிளம்பினார்கள். இப்போது கணியம்பாடிப் பக்கம் ஒரு பழைய லாரி கிடைத்து அதைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள். வாட்ஸ்அப் குழுவிலிருந்து கோவிந்தனை நீக்கவில்லை. அதில் அவருக்குப் பிறந்தநாள் வாழ்த்து வருகிறது. அவருடைய பிறந்தநாள் அவருக்கே தெரியாது.

வீடியோவை நானும் பார்த்தேன். கோவிந்தன் பல் தெரியச் சிரித்தபடி புளியை ஊற்றுகிறார். கீழே ‘புளி அண்ணன்’ என்று ஆளாளுக்குக் கிண்டல். எனக்கு எரிச்சலாக வந்தது. எல்லோரும் சேர்ந்து செய்த தவறு. குடியிருப்பது மட்டும் ஒருவர் வீட்டில்.

ஒரு திருவிழா போய் இன்னொன்றும் போய்விட்டது. இன்ஜின் பாதி கறுப்புப் பெயின்ட்டும் பாதி துருவுமாக நிற்கிறது. சாமி இறங்கிவிட்ட இரும்புக்கு யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை. கோடையில் வருகிறவர்கள் பூட்ஸ் காலோடு ஏறி நின்று செல்பி எடுக்கிறார்கள். சாந்தம்மாள் கருவாட்டை மாட்டுக்கொட்டகையில் வைத்துக் குழம்பு வைக்கிறார். நதியாவுக்கு ஒடுகத்தூர் மணிவேலோடு நிச்சயமாகி வருஷம் திரும்பிவிட்டது. பெண் வீட்டில் பந்தல் போடாமல் தாலி கட்டமாட்டோம் என்கிறது மாப்பிள்ளை வீடு. இந்த ஆவணியும் தாண்டினால் வேறு இடம் பார்ப்பார்களாம். நதியா அப்பாவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

மாதையனைப் பார்த்துச் செம்பை எடுத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன். “ஊருக்கு முன்னால சொன்ன வாக்கு, நான் மாத்த முடியாதுங்க” என்றவர், குரலைத் தாழ்த்தினார். “ஆனா, தானா நவுந்தா போதும். ஆவியில நவுரணும்னா சொன்னேன்? ஒரு சாண் நவுரட்டும், சாமிய ஏத்திடறேன். முட்டுக்கல்ல எடுடான்னு அவன்கிட்ட எத்தினி வாட்டி சொல்லியிருக்கேன்.” கல்லை எடுத்தால் ஒரு சாணில் நிற்காதே, பள்ளத்தில் அல்லவா போய் விழும் என்றேன். “வுழட்டும். கீழ இன்னா கீது? பாறைதான. அங்கயே போய் சூடம் கொளுத்திக்கிறோம்” என்றார் பூசாரி.

போன ஞாயிறு நான் வளைவில் இருந்தேன். கோவிந்தன் சக்கரங்களின் இடுக்கில் விரலைவிட்டுக் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார். வாரம் தவறினால் மறுபடி இறுகிவிடும் என்பது அவர் கவலை. அப்போது நதியா தனியாக நடந்து வந்தாள். அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்று கொஞ்ச நேரம் அந்தப் பனியனையே பார்த்தாள்.

“நைனா, இன்னிக்கு அவங்க வூட்லருந்து போன் வரும். நான் இன்னா சொல்லட்டும்?”

கோவிந்தன் டப்பாவிலிருந்து இன்னும் கொஞ்சம் கிரீஸை வழித்தார்.

“அந்தக் கல்ல எடுத்துடு நைனா. உன்ன ஒண்ணும் கேக்கமாட்டேன் இனிமே.”

அவர் கிரீஸ் கையைப் பனியனில் துடைத்துக்கொண்டு எழுந்தார். முன்சக்கரத்துக்குப் போய்க் குந்தினார். கல்லின்மேல் கையை வைத்து, லேசாக அசைத்துப் பார்த்தார். அசைந்தது. நதியா துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டு ஓர் அடி பின்னால் நகர்ந்தாள். நானும் நகர்ந்தேன்.

கோவிந்தன் சுத்தியலை எடுத்தார். கல்லைச் சக்கரத்துக்கு அடியில், இன்னும் ஆழமாக இறங்கும்படி, ஓங்கி ஓங்கி அடித்தார்.