பேங்கில் பூட்டிய பணமும் ஆண்டவரிடம் போட்ட சண்டையும்

சாட்சி சொல்ல வருகிறவர்கள் கண்ணீரோடு ஆரம்பிப்பார்கள். நான் கோபத்தோடு ஆரம்பிக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்து எட்டு மாதம் ஆகிறது.

என் பெயர் ஜெயமேரி. மண்ணூர்பேட்டையில் டிபன் கடை வைத்திருக்கிறேன். தொழிற்பேட்டைக்கு ஷிப்ட் போகிறவர்கள்தான் என்னிடம் சாப்பிடுகிறவர்கள். வீடு சேக்காட்டில். என் கணவர் சாமுவேல் லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். பல வருடங்களுக்கு முன்பே இரும்புச் சீவல் தெறித்து அவருக்கு இடது கண் போய்விட்டது. போன வருடம் வலது கண்ணிலும் திரை விழுந்த மாதிரி மறைக்க ஆரம்பித்தது. விழித்திரை பிரிந்திருக்கிறது, ஒரு வாரத்துக்குள் ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்றார் டாக்டர். இருந்தது அந்த ஒரு கண்தான்.

பணம் இருந்தது. அதுதான் கொடுமை. மூன்று வருடம் கட்டிய சீட்டை எடுத்து பேங்கில் போட்டு வைத்திருந்தேன். வியாழக்கிழமை காலை ஆஸ்பத்திரி கவுன்ட்டரில் நின்று போனில் பணம் அனுப்பினேன். போகவில்லை. கார்டைத் தேய்த்தார்கள். அதுவும் போகவில்லை. எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

நேராக பேங்குக்கு ஓடினேன். மேனேஜர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"உங்க அக்கவுன்ட்டை ஃப்ரீஸ் பண்ணியிருக்காங்கம்மா. சைபர் கிரைம் கம்ப்ளைன்ட். யாரையோ ஏமாத்தின பணத்துல நாலாயிரம் ரூபா உங்களுக்கு வந்திருக்கு. வேற ஸ்டேட் கேஸ்."

"நான் இட்லி விக்கிறவ சார். இருபது ரூபாவும் வரும், நாலாயிரமும் வரும். எவன் துட்டு எங்கேருந்து வந்துச்சுன்னு எனக்கு இன்னா தெரியும்?"

"அதை நீங்க அந்த போலீஸ்கிட்டதான் சொல்லணும்."

"சரி, அந்த நாலாயிரத்தைப் புடிச்சி வச்சிக்கங்க. மீதியக் குடுங்க. எங்க ஊட்டுக்காரருக்குக் கண்ணு போவுது சார்!"

"மேலிடத்துல இருந்து வந்ததும்மா. நாங்க ஒண்ணும் பண்ண முடியாது."

ஒரு சீட்டில் அந்த ஸ்டேட் போலீஸின் போன் நம்பரையும் மெயில் முகவரியையும் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். அந்த நம்பரில் பேசியவர்கள் இந்தியில் பேசினார்கள். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. நான் பேசிய தமிழும் அவர்களுக்குப் புரியவில்லை. மூன்றாவது முறை பாதியிலேயே வைத்துவிட்டார்கள். இங்கே போலீஸில் போய்க் கேட்டால், "அந்த ஸ்டேட்லதான் பேசணும், நம்ம கையில இல்ல" என்றார்கள். கடன் கேட்டுப் போன இடங்களில், "போலீஸ் கேஸா?" என்று கதவுக்குப் பின்னால் போய்விட்டார்கள். அரசு ஆஸ்பத்திரியில் எங்கள் முறை வர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். நான் திருடி போல் வீட்டுக்கு வந்தேன். என் கணவர், "உடு மேரி, கர்த்தர் பாத்துப்பாரு" என்றார். அந்தப் பொறுமை எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

கணக்குத் தாளை வாங்கிப் பார்த்தேன். அந்த நாலாயிரம், வடக்கிலிருந்து வந்து வேலை செய்கிறவர்களின் குடியிருப்பிலிருந்து வந்த ஒரு சப்பாத்தி, குருமா ஆர்டருக்கு வந்த பணம். எனக்கு அது போதுமாக இருந்தது. சனிக்கிழமை காலை சந்தோஷ் சாப்பிட வந்தான். பீகார்க்காரன், வார்ப்படப் பட்டறையில் சூப்பர்வைசர், மூன்று வருடமாக என்னிடம் சாப்பிடுகிறவன். கடை நிறைய ஆட்கள் இருக்க, அவனைப் பார்த்துக் கத்தினேன்.

"உங்களாலதான்டா என் குடி கெட்டுப் போச்சு! திருட்டுத் துட்டை என் தலையில கட்டிட்டு இன்னா தைரியத்துல துன்ன வந்துகீற?"

அவன் பாதித் தட்டை அப்படியே வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டான். அதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஒரு சகோதரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "மறைவான பாவம் ஏதாவது இருக்கான்னு யோசிச்சுப் பாருங்க" என்றார். கையை உதறிவிட்டு வெளியே வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டேன். முழங்கால் போடவில்லை. நின்றுகொண்டே சண்டை போட்டேன்.

"ஆண்டவரே, அந்த பேங்க் மேனேஜர் மேலிடம்னு சொல்லி என்னைத் துரத்திட்டாரு. நீர் எந்த மேலிடத்தைக் காட்டுவீர்? உமக்கு மேலே யார் இருக்கா? நான் யாரை ஏமாத்தினேன்? பதில் சொல்லும்! இன்னைக்கே சொல்லும்!"

புகார் கொடுத்தது யாரோ, அவர்களையும் வாய்க்கு வந்தபடி சபித்தேன். தொண்டை கட்டிப்போகும் வரை கத்தினேன். பிறகு தரையில் உட்கார்ந்து அழுதேன்.

திங்கட்கிழமை கடை திறக்கும்போது சந்தோஷ் வாசலில் நின்றான். பக்கத்தில் இன்னொருவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"அக்கா, ரூம் ரூமா போய் கேட்டேன். இவன் முன்னா. இவன்தான் உனக்கு ஆர்டர் குடுத்தான். இவன் போன்ல பைசா அனுப்ப முடியாது. ஒரு ஏஜென்ட் கையில கேஷ் குடுத்தான், அந்த ஆளு உனக்கு அனுப்பினான். தப்பு அந்த ஆளு அக்கவுன்ட்ல இருக்கு. நம்பர் குடு, நான் பேசறேன்."

மேனேஜர் கொடுத்த சீட்டை எடுத்துக் கொடுத்தேன். சந்தோஷ் அன்று வேலைக்குப் போகவில்லை. அந்த ஸ்டேட் போலீஸ் அதிகாரியோடு இந்தியில் அரை மணி நேரத்துக்கு மேல் பேசினான். முதலில் திட்டு வாங்கினான், விடவில்லை. வீடியோ காலில் போனைத் திருப்பி என் அடுப்பு, இட்லிக் குண்டான், பார்வை மங்கிப்போய்க் கடையில் உட்கார்ந்திருந்த என் கணவர் எல்லாவற்றையும் காட்டினான். பில் புத்தகம், ஆதார், டாக்டர் எழுதிய சீட்டு, முன்னா கையெழுத்துப் போட்ட வாக்குமூலம் எல்லாவற்றையும் படம் பிடித்து மெயில் அனுப்பினான். செவ்வாய்க்கிழமை மத்தியானம் பதில் வந்தது. நாலாயிரத்தை மட்டும் நிறுத்தி வைத்துவிட்டு மீதியை விடுவிக்கலாம் என்று பேங்குக்கே எழுதியிருந்தார்கள்.

அப்போதும் மேனேஜர், "ஹெட் ஆபீஸ் அப்ரூவல் வரணும். ரெண்டு மூணு நாள் ஆகும்" என்றார்.

"பூட்ட ஒரு நிமிசம், தொறக்க மூணு நாளா? என் புருசன் கண்ணு அதுவரைக்கும் காத்துகினு இருக்குமா? தொறக்காம நான் இந்த எடத்தை உட்டு எழுந்திரிக்க மாட்டேன்!"

என் கணவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அவர் மேஜைக்கு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டேன். கவுன்ட்டரில் இருந்த ஒரு பெண் எழுந்து வந்து, டாக்டர் சீட்டைப் படித்துப் பார்த்தார். அவரே ஹெட் ஆபீஸுக்கு நாலைந்து முறை போன் போட்டார். பேங்க் மூடுவதற்குள் கணக்கு திறந்தது. புதன்கிழமை காலை ஆபரேஷன் நடந்தது. இரண்டு மாதம் கழித்து, பெரிய எழுத்து வேதாகமத்தில் ஒரு சங்கீதத்தை அவரே வாசித்தார். தடுமாறித் தடுமாறித்தான். ஆனால் வாசித்தார். தேவனுக்கே மகிமை.

என்னிடம் இன்றுவரை ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. பேங்கும் கேட்கவில்லை, போலீஸும் கேட்கவில்லை. அந்தக் கோபம் போகவில்லை, போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நான் கேட்க வேண்டிய மன்னிப்பு ஒன்று இருந்தது. கடை நிறைய ஆட்கள் இருந்த நேரமாகப் பார்த்து, சந்தோஷிடம் கை கூப்பிக் கேட்டேன். அவன் வெட்கப்பட்டு, "அக்கா, அது உடு. இட்லி சூடா இருக்கா?" என்றான்.

புகார் கொடுத்தது யார் என்றும் அந்த அதிகாரி அவனிடம் சொல்லியிருக்கிறார். கணவனை இழந்த ஒரு வயதான அம்மா. வாழ்நாள் சேமிப்பு முழுவதையும் போன் பேசியே பிடுங்கியிருக்கிறார்கள். நான் சபித்தது அவரைத்தான். அந்த நாலாயிரம் அவருக்கே போகட்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பேர் தெரியாத அந்த அம்மாவுக்காக இப்போது தினமும் ஜெபிக்கிறேன்.

இதைப் படிக்கிற உங்களில் யாருக்காவது இப்போது நெஞ்சு கொதித்துக்கொண்டிருந்தால், அதை மறைத்துவிட்டு ஆண்டவர் முன்னால் நல்ல பிள்ளையாக நடிக்காதீர்கள். அப்படியே கொண்டுபோய்க் கொட்டுங்கள். அவர் தாங்குவார், கேட்பார். பதிலை யார் கையில் கொடுத்து அனுப்புவார் என்றுதான் நமக்குத் தெரியாது. அதனால் வாசலில் யார் வந்து நின்றாலும், முதலில் உள்ளே கூப்பிட்டு உட்கார வையுங்கள்.