இடப்பக்கம் திரும்பாத முதுகு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில் கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு சுக்குக் கிடங்கில் எனக்கு வேலை. காலை முதல் மாலை வரை தராசுக்கு முன்னால் சம்மணமிட்டு, வலப்பக்கச் சாக்கிலிருந்து அள்ளி அள்ளிப் போடுவேன். அதில் முதுகு இறுகிவிட்டது. கல்யாணம்கூட ஆகாத வயதில், யாராவது இடப்பக்கத்திலிருந்து கூப்பிட்டால் மாட்டுவண்டி மாதிரி முழு உடம்பையும் திருப்ப வேண்டியிருந்தது.

எங்களுக்கு இருந்தது ஒரே அறை. நடுவில் பழைய புடவைத் திரை; அந்தப்பக்கம் அண்ணனும் அண்ணியும், இந்தப்பக்கம் நான். அண்ணி முழுகாமல் இருந்தாள். ஒருநாள் அண்ணன் என் கண்ணைப் பார்க்காமல் சொன்னான்: "பிரசவத்துக்கு அவ அம்மா வருவாங்க. அதுக்குள்ள நீ வேற இடம் பாத்துக்கோடா." கிடங்குக் கூலிக்கு யார் இடம் தருவார்கள்? ஏலூரில் ஒரு தொழிற்சாலைக்கு ஆள் எடுத்தார்கள். வேலையோடு தங்க இடமும் உண்டு. ஆனால் டாக்டர் குனிய, நிமிர, இருபக்கமும் திரும்பச் சொல்வாராம்.

வாயனசாலை என்கிற ஊர் நூலகத்தில் ஒரு யோகாசனப் புத்தகம் கிடைத்தது. முதுகை முறுக்கினால் இறுக்கம் விடும் என்று படத்தோடு போட்டிருந்தது. ஒரு காலை நீட்டி, மறுகாலை அதைத் தாண்டி வைத்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு தோளுக்குப் பின்னால் பார்க்க வேண்டும். விடியற்காலையில் பாயில் உட்கார்ந்து வலப்பக்கம் திரும்பினேன். அங்கே சுவர். மூச்சு விட விட முதுகு நெகிழ்ந்தது; அந்தச் சுகத்தில் அழுகையே வந்துவிட்டது.

இடப்பக்கம் திரும்பினால் திரை. அது தரையைத் தொடாது, நடுவில் கிழிசல் வேறு. அந்தப்பக்கம் அண்ணி அசந்து தூங்குவாள். அங்கே பார்த்தால் நான் என்ன மனுஷன்? திசை மாறி உட்கார்ந்தால் நீட்டிய கால் சாமி படத்துக்கு நேராகப் போகும். வெளியே போனால் நேரே தெரு. கண்ணை மூடிக்கொள்ளலாமே என்பீர்கள். என் முகம் அந்தப்பக்கம் திரும்பியிருப்பதை அண்ணன் பார்த்தால் போதாதா? ஆக, ஏற்கெனவே திரும்புகிற பக்கத்துக்கே தினமும் பயிற்சி கொடுத்தேன். பெரிய புத்திசாலி!

டாக்டர் முன்னால் வலப்பக்கம் பம்பரமாய்த் திரும்பினேன்.

"இனி இடத்தோட்டு," என்றார்.

பல்லைக் கடித்துக்கொண்டு இடப்பக்கம் திரும்பினேன். பாதியில் பிடித்துக்கொண்டது. பாதத்தை நைசாக நகர்த்தினேன். அவர் பார்த்துவிட்டார்.

"சாரே, ஒரு மாசம் தாங்க. சரியாக்கிக் காட்டறேன்," என்று கெஞ்சினேன். அவர் அடுத்தவனைக் கூப்பிட்டார்.

படகில் வரும்போது தண்ணீரைப் பார்க்கவே பயமாக இருந்தது. என்மேலேயே எனக்கு நம்பிக்கையில்லை. ஒரே ஒரு ஆறுதல், அண்ணி எனக்காக இரண்டு வார்த்தை பேசுவாள் என்பது. நல்லவள். அவள் சொன்னால் அண்ணன் கேட்பான்.

வீட்டில் அவள் மட்டும் இருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். சாயா போட்டுக் கொடுத்தாள். கையை ஊன்றி மெல்ல எதிரே உட்கார்ந்து, பரிவாகத்தான் கேட்டாள்:

"அப்ப இனி எங்க போவீங்க, தம்பி?"