உலர் ஓட்டம்

இயந்திரக் கையேடுகளை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாற்றுவது என் தொழில். வேங்கிக்காலில் ஒரு மாடி அறையில் தனியாக இருக்கிறேன். டைரியில் தினமும் மூன்று வரி எழுதுவேன்: முடித்த பக்கங்கள், சந்தேகமான சொற்கள், அன்று யாரிடம் பேசினேன். மூன்றாவது வரி பெரும்பாலும் காலியாக இருக்கும். சில நாட்களில் ‘பால்காரர், மழை பற்றி’ என்றிருக்கும்.

போன கோடையில், நான் முன்பு மொழிபெயர்த்த பம்ப்செட் கையேடு மறுபதிப்புக்காகத் திரும்பி வந்தது. ஒரு பாகத்தின் பெயரைக் கேட்பதற்காக அதைப் பையில் வைத்துக்கொண்டு, கீழ்பென்னாத்தூரில் ஒரு மோட்டார் வைண்டிங் கடைக்குப் போனேன். மெக்கானிக் கருகிய மோட்டார் ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தார். அதன் சொந்தக்காரர், ஒரு விவசாயி, பக்கத்தில் நின்றிருந்தார்.

“தண்ணி இல்லாத கெணத்துல ஓட்டிக்கிறியேண்ணா” என்றார் மெக்கானிக்.

“புக்கு பாத்துதாம்பா ஓட்டுனேன். உலர் ஓட்டம் கூடாதுன்னு போட்டிருந்தான். வெயில்ல ஓட்டக் கூடாது போலக்குதுன்னு விடியக்காத்தால போட்டுட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டேன்.”

“உலர் ஓட்டமா? ஸ்போர்ட்ஸ் டே வெக்கிறானுங்களா இன்னா?”

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

“எந்தப் புண்ணியவான் எழுதுனானோ. சீக்கிரம் முடிச்சிக் குடுப்பா, மல்லாட்டப் பயிரு காயுது” என்ற விவசாயி என் பக்கம் திரும்பினார். “சாருக்கு இன்னா மோட்டாரு?”

“மோட்டார் இல்லீங்க. ஒரு சந்தேகம். தண்ணி இல்லாம மோட்டார் ஓடுனா நீங்க எப்படிச் சொல்லுவீங்க?”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“தண்ணி இல்லாம ஓடுதுன்னுதான் சொல்லுவோம். வேற எப்பிடி சொல்றது?”

கேட்க வந்த பாகத்தின் பெயரைக் கேட்காமலே பஸ் ஏறிவிட்டேன். அன்றைய மூன்றாவது வரி: ‘கீழ்பென்னாத்தூரில் ஒரு விவசாயி. நான் யார் என்று சொல்லவில்லை.’

அந்தச் சொல்லை மாற்ற வேண்டும் என்று வேலை தரும் நிறுவனத்துக்கு எழுதினேன். ஒப்புதல் பெற்ற சொற்பட்டியலில் உள்ளதையே பயன்படுத்தவும் என்று பதில் வந்தது. அந்தப் பட்டியலைத் தயாரித்தவன் நான். ஆங்கிலத்தில் ‘டிரை ரன்’ என்று இரண்டு சொல், தமிழிலும் இரண்டு சொல் என்று அன்று அத்தனை திருப்தி. யாரிடமாவது ஒருமுறை படித்துக் காட்டியிருந்தால் அப்போதே சிரித்திருப்பார்கள். படித்துக் காட்ட ஆள் இல்லை.

மறுபடி எழுதினேன்: ‘பட்டியல் நான் தந்தது. சொல் தவறு. அதைப் படித்த ஒருவரின் மோட்டார் கருகிவிட்டது. நான் நேரில் பார்த்தேன்.’

நான்காம் நாள் ஒற்றைச் சொல்லில் பதில் வந்தது: ‘மாற்றலாம்.’

புதிய வாக்கியத்தைத் தட்டச்சு செய்தேன். பிறகு அறையில் எழுந்து நின்று உரக்கப் படித்தேன்: “கிணற்றில் தண்ணீர் இல்லாதபோது மோட்டாரை ஓட்டாதீர்கள்.”

டைரியைத் திறந்து, உரக்கப் படித்ததையும் பேச்சாகக் கணக்கில் சேர்க்கலாமா என்று யோசித்தேன். மூன்றாவது வரியைக் காலியாகவே விட்டேன்.